உறை என்று நினைத்த பட்டை

என் பொடிசுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம், வாசல் மாமரம் பாதி நலம். உன் நலத்தை நீ சொல்லித் தெரிந்துகொள்ளத்தான் ஆசை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் அறைத்தோழி பேசிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, பயந்துபோய்த்தான் பேசினாள். நீ மூன்று வாரமாக வேலைக்குப் போகவில்லை, திரைச்சீலையைக்கூட விலக்குவதில்லை, ஒரு வேளைதான் சாப்பிடுகிறாய் என்றாள். அந்த மூன்று வாரமும் எங்களிடம் சூப்பரா இருக்கேம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். திட்டுவதற்காக எழுதவில்லை. போனில் கேட்டால் நீ மறுபடி அதையே சொல்வாய், நானும் நம்பிவிடுவேன். அதனால் கடிதம்.

முதலில் மரம். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் துணி உலர்த்த அப்பா அதைச் சுற்றி ஒரு கம்பி கட்டினார். போன வருஷம் பார்த்தால் கம்பி மரத்துக்குள் புதைந்து கிடந்தது, இத்தனை வருஷமா கழுத்தை நெரிச்சிருக்கோமே என்று அவருக்குப் பரிதாபம். நான் பள்ளியில் விடைத்தாள் திருத்தப் போன நாளில் உளியெடுத்துக் கம்பியைப் பிடுங்கியிருக்கிறார். அதோடு விட்டாரா, புண் பிசிறாக இருக்கிறதென்று நான்கு விரல் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்து வழவழவென்று சுத்தமும் செய்துவிட்டார். எலக்ட்ரீஷியனாக முப்பது வருஷம் ஒயர் உரித்த கை. சாயங்காலம் பெருமையாகக் காட்டினார், பட்டை எங்கே என்றேன். உள்ள இருக்கிறதுதானே கம்பி, மேல இருக்கிறது வெறும் உறைதானே என்றார். மரத்தில் அப்படி இல்லை என்று ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். உள்ளே கட்டையில் சைலம், பெரும்பாலும் செத்த செல்கள். செத்தும் குழாயாக நின்று தண்ணீரை மேலே அனுப்பும், அதனால் இலை வாடாது. இலை சமைத்த சாப்பாட்டை வேருக்குக் கொண்டுபோகும் புளோயம் உயிருள்ளது, அது இருப்பது பட்டையின் உட்பக்கம். இரண்டுக்கும் நடுவே காகிதம்போலக் கேம்பியம், இரண்டையும் புதிதாக உண்டாக்குவது அதுதான். மூன்றில் இரண்டை மனிதர் சுரண்டி எறிந்திருந்தார்.

ஆனால் இலை பச்சையாகவே இருந்தது. அந்தப் பருவம் என்றைக்கும் இல்லாத காய்ப்பு. கீழே போக வழியில்லாத சர்க்கரையெல்லாம் மேலேயே தங்கிப் பழமாகிவிட்டது. டீச்சரம்மா பாடம் பொய்யாப் போச்சு என்று சொல்லிச் சொல்லித் தெருவெல்லாம் அப்பா பழம் கொடுத்தார். அதே வாரம்தான் உனக்குப் பதவி உயர்வு, ஆசிரியர் அறையில் பழத்தோடு உன் படத்தையும் காட்டினேன். பாடம் நடத்துகிற நானே இலையைப் பார்த்து ஏமாந்தேன். வேர் தன் சேமிப்புத் திசுவான பாரன்கைமாவில் எப்போதோ சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தின்று நாளை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த வருஷம் இலை சிறுத்து வெளுத்தபோதுதான் நாற்றுப்பண்ணைக்காரரைக் கூப்பிட்டோம். அதே மரத்தில் ஏழு குச்சி வெட்டி, புண்ணுக்கு மேலும் கீழும் பட்டைக்குள் செருகி, கேம்பியத்தோடு கேம்பியம் ஒட்டும்படி பாலம் போட்டார். கட்டியது அப்பாவின் இன்சுலேஷன் டேப்பால். நாற்பது நாளாகிறது. நான்கு காய்ந்துவிட்டன, மூன்று பிடித்திருக்கின்றன. மூணு போதுமா என்று கேட்டேன். அதை மரம்தான் சொல்லணும் டீச்சர், நாம தண்ணி ஊத்துவோம் என்றார்.

நானும் ஒரு பட்டையை உரித்திருக்கிறேன். அங்கே போன முதல் மாதம் நீ போனில் அழுதாய். அழறதுக்கா அவ்வளவு தூரம் போனே, வேலையைப் பாரு என்றேன். நீ உறுதியாக வேண்டும் என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகு நீ அழவே இல்லை, நல்ல செய்தி மட்டும் வந்தது. பொண்ணு தேறிட்டா என்று அப்பாவிடம் சொன்னேன். மூன்று வருஷம்.

வேலையை விடு, விடாதே என்று எதுவும் சொல்லப்போவதில்லை. தோழி சொன்ன டாக்டரை மட்டும் பார். விடுப்பு விண்ணப்பம் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டேன், தேதி போடும் இடம் மட்டும் காலி. நீ வா என்று சொல்கிற அன்று நிரப்புவேன். அழ வேண்டும்போல இருந்தால் கூப்பிடு, வகுப்பு நடந்தாலும் வெளியே வந்து எடுப்பேன். உனக்கு என்ன எழுதட்டும் என்று அப்பாவைக் கேட்டேன். மரத்தடியில் நின்று டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், பிடிக்கிற வரைக்கும் நாம இங்கதான் நிப்போம்னு எழுது என்றார்.

நன்றாக இரு என்று இந்த முறை வாழ்த்தவில்லை. எப்படி இருக்கிறாயோ அப்படியே எங்களுக்கு நீ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. இதைப் படித்ததும் திரைச்சீலையை விலக்கு. ஒரு சாண் போதும்.

உன்
அம்மா