மரமான ராணியின் பாட்டு

14-4-1974, மோகனூர்
சேலத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில மாயக்கதையைப் படித்து முடித்தேன். மந்திரவாதி ஒரு ராணியை மரமாக்கிவிடுகிறான். அம்மாவைத் தேடி அலையும் மகன் அதே மரத்தடியில் தூங்கி எழுந்து போய்விடுகிறான். அடப்பாவி! இதைப் பாட்டாக்காமல் விடுவதில்லை.

20-4-1974, விடுதி
அறைத்தோழன் மருதாசலம் கிதாரில் மெட்டுப் போட்டுவிட்டான். சைகடெலிக் ராக்காம். கேட்பவனுக்குத் தலை சுற்றும்வரை ஒரே சுரத்தை இழுக்க வேண்டுமாம். டிரம்ஸ் அடிக்கும் சென்னிமலை கிறங்கி விழுவதுபோல் நடித்துக் கேலி செய்தான். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில்தான் அரங்கேற்றம்.

5-5-1974
பாடினோம். எழுதக் கை வரவில்லை.

6-5-1974
எழுதித்தான் ஆக வேண்டும்.

கிதார் அலறியதும் ஊர் ஜனம் முழித்தது. கோயில் பம்பைக்காரர் அங்கமுத்துவுக்குக் கை சும்மா இருக்கவில்லை, சென்னிமலையோடு சேர்ந்து அடிக்கத் தொடங்கிவிட்டார். அவ்வளவுதான். ‘மரத்துக்குள்ளே யாரு’ என்று நான் உச்சத்தில் இழுக்கும்போது கூட்டத்தில் ஒரு கூச்சல். என் அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. முடி அவிழ்ந்து, சேலை புழுதியில் புரள, மேடையை நோக்கி ஆடிக்கொண்டே வந்தாள். பூசாரி திருநீறு போட்டு மேடைக்குக் கீழேயே உட்காரவைத்தார்.

பாட்டு முடிந்ததும் சென்னிமலை சிரித்தான். “யாருடா அந்தம்மா, நம்ம பாட்டுக்கு சாமியாடுது?”

“தெரியலடா. யாரோ.”

நான்தான் சொன்னேன். என் வாய்தான்.

அருள் வந்தவர்களுக்கு எதுவும் நினைவிருக்காது என்பார்கள். காலையில் கேட்டுப் பார்த்தேன். “ஒண்ணுந் தெரியாது சாமி” என்று சோற்றை வைத்துவிட்டுப் போனாள். அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் உடம்பு கூசுகிறது. கதையில் வந்தவனுக்காவது தெரியாது. எனக்கு?

9-5-1974
அவள் எதிரில் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லிவிடலாமா? தெரியாதவளிடம் போய் ஏன் — சீ, இதுவும் சாக்குத்தான்.

12-5-1974
விட்டுப்போன ஒயரை எடுக்க மருதாசலம் வந்தான். நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் அம்மா குரல்.

“இருக்கறாருங்க தம்பி, கூப்பிடறேன். நானு இங்க வேலைக்கு வாரவளுங்க.”

எல்லாம் கேட்டிருக்கிறாள். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எனக்காகப் பொய்யையும் காப்பாற்றுகிறாள்.

வெளியே ஓடினேன். “எங்கம்மாடா” என்றேன்.

“தெரியும்டா” என்றான் மருதாசலம். “அன்னிக்கே தெரியும். மூக்கு அப்படியே உன்னுது.”

அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

“காப்பி குடிக்கறீங்களா சாமி?” என்று அவனைக் கேட்டாள்.