வெண்ணுடைப் படை

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
புதன்கிழமை.

அன்பு மகள் வினோலியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் இங்கே கை கால் அசைவோடு நடமாடிக்கொண்டிருக்கிறேன், சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. அங்கே அந்தக் குளிரிலும் ஓயாத மழையிலும் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் எந்த அப்பா கடிதம் எழுதுகிறார் என்று சிரிப்பாய். போனில் சொன்னால் பாதியில் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடும், வாட்ஸப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான். சித்தையன்கோட்டையில் உன் அம்மா வழியில் வந்த தென்னைகளில் இந்த வருஷம் வெள்ளை ஈ விழுந்து காயெல்லாம் சிறுத்துவிட்டது, குத்தகைக்காரர் வந்து மூக்கால் அழுதுவிட்டுப் போனார். உன் சித்தப்பா கிறிஸ்துராஜ் மூட்டு ஆபரேஷன் செய்துகொண்டு வாக்கரைத் தள்ளியபடி தெருவையே அதிகாரம் செய்துகொண்டு திரிகிறான். நம் தெருவில் குடிநீர் வந்து எட்டு நாளாகிறது. மாடியில் நீ வைத்த மல்லிகை மட்டும் எப்படியோ தழைத்திருக்கிறது, பறிக்கத்தான் வீட்டில் ஆளில்லை.

உன் நாவல் கூரியரில் வந்தது. அட்டையில் மெழுகுதிரி எரிகிறது, அதன் கீழே நம்பிக்கையூட்டும் கிறிஸ்தவ டிஸ்டோப்பியா நாவல் என்று போட்டிருக்கிறார்கள். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று கேட்டு விசாரித்தேன், வரப்போகும் கெட்ட காலத்தைப் பற்றிய கதையாம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவனுக்கு வரப்போகும் காலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் கெட்ட காலம் வந்து நம் வாசலில் நின்றுவிட்டுப் போனதே, அதை நீ இனிமேல் வரப்போகிறது என்று எழுதியிருக்கிறாயே என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் இரண்டே நாளில் படித்து முடித்தேன். கோயில்களைப் பூட்டிவைத்த ஒரு நகரம், இருமினாலே பிடித்துக்கொண்டு போகும் ஒரு அரசாங்கம், வீடு வீடாக வந்து செத்தவர்களைத் தூக்கிப்போகும் வெண்ணுடைப் படை, கடைசியில் சனங்கள் ஒவ்வொருவராக வாசலில் மெழுகுதிரி ஏற்றி வைக்க அந்தப் படையே பயந்து ஓடுகிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மோசமாக எழுதியிருந்தால் சிரித்துவிட்டு அலமாரியில் வைத்திருப்பேன்.

அதோடு நின்றிருந்தாலும் சரி. போன ஞாயிறு பூசை முடிந்ததும் நம் பங்குச் சாமியார், அவர் புதிதாக வந்தவர், பழைய கதை எதுவும் தெரியாது, மாதப் பத்திரிகையில் வந்த உன் பேட்டியை மைக்கில் வாசித்தார். இந்த நாவலை எழுதத் தூண்டியது எது என்று உன்னைக் கேட்டிருக்கிறார்கள். நீ சொல்லியிருக்கிறாய், என் தாயார் ரோசலின் கொரோனாவில் இறந்தபோது நான் அயர்லாந்தில் இருந்தேன், விமானம் இல்லை, வர முடியவில்லை, ஆனால் எங்கள் தெருவே வாசலில் மெழுகுதிரி ஏந்தி நின்று அவரை வழியனுப்பியது, அந்த வெளிச்சம்தான் இந்தக் கதை என்று. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு முன் பெஞ்சில் கிறிஸ்துராஜ் இருந்தான், வாக்கரைச் சாய்த்துவைத்துவிட்டு அவனும் கைதட்டினான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வயசானவருக்கு மனைவி ஞாபகம் வந்துவிட்டது என்று பின்னால் யாரோ பரிதாபப்பட்டார்கள். ஞாபகம் வந்தது உண்மைதான், அது என்ன ஞாபகம் என்று அவர்களுக்கும் தெரியும்.

மெழுகுதிரிக் கதையை உனக்குச் சொன்னவன் உன் சித்தப்பா. அன்றைக்கு நீ போனில் அழுத அழுகையைக் கேட்டுவிட்டு, பிள்ளைக்கு ஒரு ஆறுதல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் அதை மறுக்கவில்லை. ஆறுதலை நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளாமல் அச்சடித்து விற்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்போது நடந்ததைக் கேட்டுக்கொள். எனக்கும் அந்த நோய் இருந்தது, மாடி அறையில் தனியாகக் கிடந்தேன். உன் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள் என்று செய்தி வந்தபோது கிறிஸ்துராஜைத்தான் முதலில் கூப்பிட்டேன். அண்ணே, வண்டிய மட்டும் நம்ம தெருவுக்குள்ள விடச் சொல்லாதீக, சின்னப் பிள்ளைக இருக்குக என்றான். அழுதான் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள், அழுதான்தான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சாவி அப்போது கோயில் கமிட்டியில் இருந்த அவனிடம்தான் இருந்தது.

உடலை எடுத்து வந்தது நைனா முகமது. பேகம்பூர்க்காரர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கடைகளுக்குக் காய்கறி ஏற்றிவரும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவரோடு அவர்கள் ஜமாத்துப் பையன்கள் மூன்று பேர். அந்த மாதம் முழுக்க எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் கைவிட்ட உடல்களை எல்லாம் அவர்கள்தான் அடக்கம் செய்தார்கள். நோன்பு முடிந்த கையோடு இந்த வேலை. யாரும் கேட்காமலே அவர் வண்டியை நம் தெருவுக்குள் விட்டார். நான் மாடி ஜன்னலில் நிற்கிறேன், அவர் பின்கதவைத் திறந்துவிட்டு, பாத்துக்கங்க வாத்தியாரே, அவசரமில்ல, நல்லாப் பாத்துக்கங்க என்று கீழேயிருந்து சத்தம் போட்டுச் சொன்னார். பார்ப்பதற்கு என்ன இருந்தது, கட்டிச் சுற்றிய ஒரு மூட்டை. ஆனாலும் பார்த்தேன். அந்த நேரத்தில் தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மெழுகுதிரியா? ஒரு தீக்குச்சிகூட எரியவில்லை மகளே.

கல்லறைத் தோட்டம் பூட்டிக் கிடந்தது. அப்போதிருந்த சாமியாருக்கும் காய்ச்சல், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவரும் அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். நைனா முகமது வெயிலில் வண்டியோடு வாசலில் காத்துக் கிடந்து, தாசில்தார் ஆபீசுக்குப் போன் போட்டு, கடைசியில் போலீஸ் வந்து சாவியை வாங்கித் திறந்தது. வெட்டியானும் வரவில்லை, அவர்களே குழி வெட்டினார்கள், அந்தப் பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு கத்திரி வெயிலில் மண்வெட்டி பிடிப்பது என்றால் என்ன என்று நர்ஸாக இருக்கும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் போன் செய்து, வாத்தியாரே, ஒங்கள்ல என்ன ஓதுவீக, அதைப் போன்லயே சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போட்டுக் குழிக்கிட்ட வைக்கிறேன் என்றார். அடக்க செபத்தை ஆரம்பித்தேன். இருமல் வந்து நின்றது, பிறகு அழுகை வந்து நின்றது. அவர் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. நான் முடித்து ஆமென் சொன்னதும் அந்தப் பக்கம் நாலு குரல் ஆமீன் என்று சொன்னது. உன் அம்மாவின் அடக்கத்துக்குக் கூடிய சபை அவ்வளவுதான்.

உனக்கு அனுப்பிய அந்தச் சின்ன வீடியோ அவர்களில் ஒரு பையன் எடுத்தது. மகள் பார்க்க வேண்டுமே என்று நான் கெஞ்சிக் கேட்டு எடுக்கச் சொன்னேன். அதில் காற்று இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது, முகமும் தெரியாது, வெள்ளை உடுப்பில் மூன்று பேர் கயிற்றைப் பிடித்து இறக்குவது மட்டும் தெரியும். அதை வைத்துத்தான் நீ வெண்ணுடைப் படையை உண்டாக்கியிருக்கிறாய். அந்த அத்தியாயத்தைப் படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அதே கயிறு, அதே வளைந்த சுவர், அதே புளியமரம். முகமில்லாத கூலிகள், பிணந்தின்னிக் கூட்டம், சாத்தானின் சுமைகாரர்கள் என்று பக்கம் பக்கமாக வசவு. ஜன்னலைச் சாத்தியவர்கள் கையில் மெழுகுதிரியைக் கொடுத்துவிட்டாய், மண்வெட்டி பிடித்தவர்களை அரக்கர்கள் ஆக்கிவிட்டாய். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சொந்தச் சனம் ஒதுங்கிப்போக, அந்நியன் ஒருவன் தூக்கிப்போய்க் காப்பாற்றிய உவமையை உனக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தூக்கிப்போனவனையே கள்ளனாக்கி எழுத உன் ஒருத்தியால்தான் முடியும். வெண்ணுடை உடுத்தியவர்கள் என்றால் நம் வேதத்தில் மோட்சம் சேர்ந்தவர்கள் என்பதுகூடவா மறந்துபோயிற்று? உனக்குத் தெரியாமல் நடந்த தப்பு என்று என் புத்திக்குத் தெரிகிறது, மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

இன்னும் இருக்கிறது. நைனா முகமது மாதம் ஒருமுறை என்னைப் பார்க்க வருவார், வண்டியில் மீந்த முருங்கைக்காயோ கத்தரிக்காயோ கொண்டுவந்து வைத்துவிட்டுச் செத்த நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். உன் புத்தக வெளியீட்டு நோட்டீஸைச் சந்தைப்பேட்டைச் சுவரில் பார்த்திருக்கிறார். நம்ம புள்ள பொஸ்தகமாம்ல, எனக்கு ஒண்ணு குடுங்க வாத்தியாரே, வீட்டுல படிப்பாக என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்று பொய் சொல்லி, மேசையில் இருந்த புத்தகத்தின் மேல் துண்டைப் போட்டு மூடினேன். இந்த வயசில் ஒரு மனிதரிடம் மறைக்க வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாய். அடுத்த தடவை வந்தபோது அவரே பார்த்துவிட்டார், இந்தா வந்துருச்சே என்று சந்தோஷமாக எடுத்து அட்டையைத் தடவிப் பார்த்தார். வாங்கி வைக்க எனக்குக் கை வரவில்லை. கொண்டு போய்விட்டார். கண்ணில் புரை விழுந்திருப்பதால் அவர் வீட்டுக்கார அம்மா அஜீஸுன்னிசா தினமும் கொஞ்சம் வாசித்துக் காட்டினார்களாம். அந்த வாரம் முழுக்க இன்றைக்கு எந்தப் பக்கம் வாசித்திருப்பார்களோ என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் புத்தகத்தோடு வந்தார், பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவராகவே ஆரம்பித்தார். அது நாங்கதானே வாத்தியாரே, வாசிக்கும்போதே எங்க வீட்டுல கண்டுபிடிச்சுட்டாக, அந்த டிரெஸ்ஸோட போனா எங்க பேரப்பிள்ளையே அலறி ஓடும், தூரத்துல இருந்து பாத்த புள்ள பயந்ததுல தப்பில்ல என்றார். ஒரே ஒரு எடம்தான் மனசுக்குச் சங்கடமா இருக்கு என்று சொல்லி, மடக்கி வைத்திருந்த பக்கத்தைக் காட்டினார். ஒரு வெண்ணுடைக்காரன் குனிந்து, குப்பையை எறிவதுபோல இரண்டு தரம் மண்ணை அள்ளிக் குழிக்குள் எறிந்துவிட்டுப் போகிறான் என்று நீ எழுதியிருக்கிற இடம். அது எறிஞ்சதில்ல வாத்தியாரே, ஒங்க ஆளுக அடக்கத்துக்கு எம்புட்டோ வந்திருக்கேன், வந்தவுக ஆளுக்கு ஒரு கைப்பிடி மண்ணு போடுவீக, அன்னைக்குப் போட யாரும் இல்லையே, அதான் ஒண்ணு ஒங்களுக்காகப் போட்டேன், இன்னொண்ணு சீமையில இருக்க புள்ளைக்காகப் போட்டேன், பேரு தெரியாது, மக போடுறான்னு சொல்லிப் போட்டேன் என்றார். இத்தனை வருஷத்தில் எனக்கும் அது தெரியாது. அவர் சொல்லவே இல்லை. கிளம்பும்போது, இதப் போயி எழுதிப்புடாதீக, புள்ள மனசு ஒடஞ்சு போகும் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவ்வளவு நல்லவன் இல்லை, எழுதிவிட்டேன். உடையட்டும். வெளியீட்டு விழா அழைப்பிதழில் தலைமை ஸ்தனிஸ்லாஸ் என்று என் பெயரையும், முதல் பிரதி பெறுபவர் என்று கிறிஸ்துராஜ் பெயரையும் போட்டிருக்கிறாய், எங்கேயோ இருந்துகொண்டு எப்படித்தான் இப்படிப் பொறுக்கி எடுத்தாயோ. நான் வருவேன். மைக் என் கைக்கு வந்ததும் ஜன்னல் சாத்தியதையும் பூட்டையும் அந்த நாலு பேரையும் சொல்வேன், சபை என்னை என்ன நினைத்தாலும் சரி. அதற்கு முன்னால் பேட்டியைத் திருத்தி நீயே எழுதினால் என் வாய்க்கு வேலை மிச்சம். நம்பிக்கையூட்டும் நாவல் எழுதாதே என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு இந்த ஊரில் நம்பிக்கை என்று ஒன்று இருந்தது, அது நம் தெருவில் இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த பதிப்பிலாவது அதை இருந்த இடத்தில் வை.

காலுக்குச் சாக்ஸ் போடாமல் திரியாதே, உனக்குச் சின்ன வயசிலிருந்தே சளி பிடிக்கும் உடம்பு. டூட்டி முடிந்து வந்து ஆறின சோற்றைத் தின்றுவிட்டு எழுத உட்காராதே, தூங்கு. மாப்பிள்ளையிடம் கோபத்தைக் காட்டாதே, இந்தக் கடிதத்தை அவரும் படிக்கலாம். எனக்குக் கோபம் இருக்கிறது, பிள்ளை நீ ஒருத்திதான் என்பதும் இருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொண்டுதான் தினமும் உனக்காகச் செபிக்கிறேன். சேசுவின் ஆசீரும் மாதாவின் காவலும் உங்கள் இருவர் மேலும் இருக்கட்டும். நைனா முகமதுவின் போன் நம்பரை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன், அதற்கும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. மத்தியானத் தொழுகை முடிந்து அவர் வீட்டில்தான் இருப்பார், கூப்பிடு. என்ன பேசுவது என்று என்னைக் கேட்காதே. முதலில் உன் பெயரைச் சொல், அன்றைக்கு அது தெரியாமல்தான் அவர் மகள் என்று மட்டும் சொல்லி மண் போட்டார்.

உன் மேல் மனத்தாங்கலும் பாசமும் குறையாத
அப்பா
ஸ்தனிஸ்லாஸ்