காரம் போடாத கஞ்சி

மார்ச் 4

கேன்டீனில் ஆலைக்கே சமைத்துப் போட்டுவிட்டு வந்து, வீட்டில் படுத்திருக்கும் பெண்டாட்டி ஒருத்திக்குக் கஞ்சி வைக்கத் தெரியாமல் நின்றேன். நாட்டு வைத்தியர் சொன்னது சுலபம்தான். பழைய அரிசி ஒரு பிடி, வாசம் வர வறுத்த பாசிப்பருப்பு ஒரு பிடி, கொஞ்சம் சீரகம், ஒரு சிட்டிகை சுக்கு. குழைய வேக வேண்டும்.

"பனி போயி வெயில் ஏறுற நேரம். கபம் இளகிப் பசியை அமுக்கிடும். அவங்க வயிறு வேற சோர்ந்து கிடக்கு. காரம், தாளிப்பு எதுவும் கூடாது மாஸ்டர்" என்றார். காரம் கூடாதாம். என்னிடம் போய்!

ருசி பார்த்தேன், சப்பென்று இருந்தது. கை சும்மா இருக்குமா? மிளகைத் தட்டிப் போட்டுவிட்டேன். ரெண்டு வாய் குடித்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். அறிவு கெட்ட ஜென்மம் நான்.

மார்ச் 5

மிளகாயிலேயே ஊறிச் செத்த நாக்கு இது. இனி அவள் கஞ்சியை நான் ருசி பார்ப்பதாக இல்லை.

மார்ச் 9

பகலில் பார்த்துக்கொள்ள அவள் தங்கை வந்திருக்கிறாள். கேன்சர் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்: கொஞ்சமாவது எடை ஏறினால்தான் அடுத்த ஊசி. இல்லையென்றால்? கேட்கவில்லை.

காலையில் கஞ்சியை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் கிண்ணம் காலி!

"நல்லா இருந்துச்சா?"

"மாஸ்டர் கைப்பக்குவமாச்சே, கேக்கணுமா?" என்றாள் கட்டிலில் கிடந்தவள்.

மார்ச் 12

இன்றும் காலி. கேன்டீனில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17

எடை குறைந்திருக்கிறது. மெஷின் கோளாறு என்று நர்ஸிடம் கத்தினேன். இவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வாங்க, போலாம்" என்றாள்.

அதெப்படி? சாப்பிடுகிறாளே?

மார்ச் 18

ஆலையில் கரண்ட் இல்லை, மதியமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் பாத்ரூமில் அவள் குனிந்திருக்கிறாள், தங்கை நெற்றியைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். காலையில் வைத்த கஞ்சி அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது.

"தினமும் இப்படித்தான் மாமா. ஒரு வாய்கூட நிக்கல. சொல்லிடறேன்னா அக்கா விடமாட்டேங்குறா."

ஏன் மறைச்சே, ஏன் மறைச்சே என்று அந்தப் பெண்ணைப் பிடித்துக் கண்டபடி திட்டினேன். அவள் என்ன செய்வாள் பாவம்.

"அவளை விடுங்க" என்றாள் இவள். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "கிண்ணம் காலியா இருந்தா உங்க மூஞ்சி எப்படி ஆகுது தெரியுமா? அதுக்காகத்தான் குடிச்சேன். இனிமே முடியலங்க."

கடவுளே, தினமும் அவளை வதைத்திருக்கிறேன். நான்தான், என் கையால்.

மார்ச் 19

வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று வைத்தியரிடம் ஓடினேன். "பக்கத்துல இருங்க மாஸ்டர்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 21

லீவு சொல்லிவிட்டேன். விடிந்ததும் அடுப்படிக்குப் போகாமல் அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். கைக்கு வேலையில்லாமல் என்னவோ போல் இருந்தது.

"என்ன, இன்னைக்கு வாசமே வரல?"

"வைக்கல."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். இனிமே வைக்க மாட்டேன்."

"அப்பாடா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து, என் சமையல் இல்லை என்று அவள் சந்தோஷப்பட்டது இன்றைக்குத்தான்.