எங்கள் கரையில் பழுதே இல்லையாம்

அக்காள்மடம்,
9-2-1998

அன்பு மகன் சவேரியாருக்கு, அப்பா சூசைமுத்து சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதுவது. மாதாவின் கிருபையால் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதச் சொல்ல மனம் வரவில்லை.

உன் கடிதத்தை உபதேசியார் இரண்டு தடவை வாசித்தார். படகு எஞ்சின்கள் ஏன் பழுதாகின்றன என்று கண்டுபிடித்துத் திருத்துவதற்குக் கோயம்புத்தூர்க் கம்பெனியில் புதுப் பிரிவு தொடங்கி, உன்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். சந்தோஷம். உன் அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆனால் கடைசிப் பத்தியைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் கரையில் விற்ற அறுபது எஞ்சினில் ஒன்றுகூடப் பழுதில்லையாம். கடலுக்கு ஏற்றது என்று இந்த மாதக் கடைசியில் நீ கையெழுத்துப் போடுவாயாம். பிறகு இன்னும் இருநூறு வருமாம்.

பழுதில்லை என்று எவன் சொன்னான்? எனக்கு எழுத்துத் தெரியாது. நாள் மறக்காது. போன வருஷம் பெரிய வெள்ளியன்று நாமெல்லாம் கோயிலில் இருக்க, கடலுக்குப் போன முஹைதீனின் எஞ்சின் நின்றது. மாதா பிறந்த நாளுக்கு மறுநாள் என்னுடையது. உன் அக்கா மாப்பிள்ளை அந்தோணிப்பிச்சைக்கு மூன்று தடவை. எல்லாம் ஒரே நோய்தான்: எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பில் உள்ள ரப்பர் வாசரை உப்பு தின்றுவிடுகிறது. உங்கள் ஊர்ச் சிறுவாணித் தண்ணீரில் ஓட்டிப் பார்த்துவிட்டா கடலுக்கு அனுப்புகிறீர்கள்?

நடுக்கடலில் நின்றால் கம்பெனி வைத்த சீலை உடைத்துத் திறந்து, ரப்பர் செருப்பை வாசராக வெட்டிப் போட்டுத்தான் கரை சேருகிறோம். சீல் உடைந்தால், எஞ்சின் விற்ற கடைக்காரன் பழுது பார்க்கத் தொடமாட்டான். அந்தோணிப்பிச்சையிடம், "யாரக் கேட்டு தொறந்த?" என்று கத்தினான். இவனும் விடவில்லை. "நடுக்கடல்ல யாரக் கேக்க, சுறாவையா?" என்றான். அதோடு சரி. கடைக்காரன் அதை எந்தத் தாளிலும் எழுதவில்லை.

கோபம் உன்மேல் மட்டுமில்லை, என்மேலும்தான். ஆத்துமாக்கள் திருநாள் முடிந்து உங்கள் கம்பெனி ஆட்கள் தாளோடு விசாரிக்க வந்தார்களே, அதற்கு முந்தின நாள் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான்தான். "நம்ம சவேரியார் கம்பெனி. எவனும் குறை சொல்லிப்புடாதீக. பயலுக்குச் சோத்துக்குக் கேடு வந்துரும்" என்றேன். ஊரும் எஞ்சின் தங்கம் என்று சொல்லி, இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பியது. நீ வைத்திருக்கும் கணக்கு எஞ்சினுடையது இல்லையடா, என் முகத்துக்காக ஊர் சொன்ன பொய். அன்றைக்கு என் நாக்கைச் சுட்டிருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை அந்தோணிப்பிச்சை திரும்பவில்லை. செருப்பு ரப்பரும் உருகி எஞ்சின் இறுகிப்போனதாம். ஒன்றரை நாள் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. தனுஷ்கோடிக்கு அப்பால் முஹைதீன்தான் கண்டு கட்டி இழுத்து வந்தார். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தான். உன் அக்கா வேளாங்கண்ணிக்கு இது ஏழாம் மாசம். அவள் அழவில்லை. "தம்பிக்கு எழுதுங்கய்யா" என்று ஒரு சொல்தான் சொன்னாள்.

கழற்றிப் போட்ட வாசர் பதினொன்றைத் தேடிப் பொறுக்கிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் மேனேஜர் மேஜையில் கொட்டு. சீலை உடைத்தவனைக் குற்றவாளியாக்காதே. ஏன் உடைத்தாய் என்று கேள், அவன் சொல்வதை எழுதிக்கொள். எஞ்சினைக் கடல் தண்ணீரில் நூறு நாள் ஓட்டிப் பார். அதுவரை கையெழுத்துப் போடாதே. வேலையைவிட்டு அனுப்பினால் வா. இங்கே வலை இருக்கிறது.

எஞ்சினைப் பிரித்து, வேறு செருப்பை வெட்டிப் போட்டுக்கொண்டு அந்தோணிப்பிச்சை இன்று காலை மறுபடியும் போயிருக்கிறான். போகாதே என்று சொல்ல என்னிடம் வேறு எஞ்சின் இல்லை. உன் அக்கா கரையில் நிற்கிறாள். ஆண்டவர் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், மகனே.

இப்படிக்கு,
உன் அப்பா சூசைமுத்து (கைநாட்டு)