உன் பங்கு முட்டை

“அந்தத் தட்டை இப்படிக் கொடு” என்று அன்று நான் சொல்லவில்லை. கல்லூரி விடுதியில் அதைச் சொல்லாத வாரமே இல்லை.

இன்று காலை கம்பெனி வாசலில் அது நினைவுக்கு வந்தது. விரல் வைத்து வருகை பதியும் இயந்திரங்களில் ஒன்றுதான் ஓடியது. பேருந்துகள் ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தன. வரிசை சாலைவரை நீண்டு, பின்னால் யாரோ கன்னடத்தில் வைதார்கள். நீ இருந்திருந்தால் வழக்கம்போல, “எல்லா ஆக்டிவ் சைட்டும் ஃபுல்லுடி” என்றிருப்பாய்.

நொதி தன் வேலையைச் செய்யும் இடத்துக்குப் பெயர் ஆக்டிவ் சைட். அந்த வரிசையில் அது நம் இருவருக்கு மட்டும் புரியும் நகைச்சுவை. கிருஷ்ணகிரியில் உயிர்வேதியியல் படித்துவிட்டு ஓசூரில் உதிரிபாகம் பூட்ட வந்தவர்கள் நாம். ஆய்வகத்தில் எச்சிலின் நொதியை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, மாவுக் கரைசலின் செறிவை மட்டும் கூட்டிப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? முதலில் வினையின் வேகமும் கூடியது. பிறகு கூடுவது குறைந்துகொண்டே வந்து, வரைபடத்தில் கோடு படுத்துவிட்டது. ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நான் மறுபடி தொடங்கப் போனேன். நீ தடுத்தாய். “அதுக்கு இருக்கிறது இவ்ளோ கைதான். எவ்ளோ கொட்டுனாலும் அது வேகத்துலதான் செய்யும். விடு, பாவம்.” நொதிக்காகப் பாவப்பட்டவளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

விடுதியில் புதன்கிழமை முட்டை போடுவார்கள். உன் பங்கு என் தட்டுக்கு வரும். பருப்பானாலும் சுண்டலானாலும் இரண்டு வாய்க்கு மேல் உனக்கு இறங்காது. தலை கனக்கிறது என்பாய். வார்டன் அதைக் கொழுப்பு என்றார். நான் உனக்கு ‘ரசஞ்சோத்து ராணி’ என்று பெயர் வைத்தேன். நீயும் சிரித்தாய்.

மகள் பிறந்து நீ மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கு வந்த வாரம் பார்க்க வந்தேன். அம்மா இல்லாத பெண் என்று உன் மாமியாரே எல்லாப் பக்குவமும் பார்த்தார். தொரப்பள்ளிவரை போய் நாட்டுக்கோழி முட்டை வாங்கி வந்திருந்தார். தட்டில் அதோடு ஈரல் வறுவல், பக்கத்தில் கோழிச் சாறு.

“தின்னு கண்ணு. பச்ச ஒடம்பு. பால் ஊற வேணாமா?”

“முடியல அத்தை.”

“நான் பெத்துப் போட்டுக் கெடந்தப்ப இப்பிடிக் குடுக்க ஒரு ஆளில்ல. உனக்கு நான் இருக்கறேன் இல்ல, தின்னு.”

நீ என்னைப் பார்த்தாய். அது விடுதிப் பார்வை. என்ன கேட்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் பிள்ளை பெற்றவளின் தட்டை அவள் மாமியார் முன்னால் எப்படி வாங்குவது? குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். நீ சாப்பிட்டாய்.

அடுத்த நாட்களில் வாந்தி எடுத்தாய். கணவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். காரணமில்லாமல் சிரித்துவிட்டுத் தூங்கிப்போனாய். பயந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டார் மந்திரித்த கயிறு கட்டினார்கள். பலவீனம் என்று நினைத்து உன் மாமியார் கரண்டியால் இன்னும் சாறு புகட்டினார். நீ கண் திறக்காமல் போனபின் பெங்களூருக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் ஒருவர் உன் இரத்தத்தில் அம்மோனியா எவ்வளவு என்று பார்த்தார்.

புரதம் சிதையும்போது வரும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் நொதிகளில் ஒன்று பிறவியிலிருந்தே உனக்குக் குறைவு என்றார் மருத்துவர். ரசச்சோறு சாப்பிட்ட நாட்களில் வரிசை சிறியது, யாருக்கும் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பின் உடம்பு தன் புரதத்தையே கரைக்கிறது. தட்டிலிருந்தும் வந்துகொண்டே இருந்தது. நொதி அதன் உச்ச வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அதனால் முடியாது; மிஞ்சிய அம்மோனியா மூளைக்கு ஏறியது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் படுத்த கோடு எனக்குத் தெரிந்துவிட்டது. தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி அது. அந்த நடைக்கூடத்தில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

“எங்கையாலயே ஊட்டுனேனே” என்று உன் மாமியார் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு தட்டை நான் தின்றிருந்தால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். நம்புகிறேன். புதன்கிழமை கேன்டீனில் முட்டை வைத்தால் மட்டும் கை நீளுவதில்லை.

நீ விழிக்காமலே போனாய். உன் மகளுக்குப் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கும் அதே குறை இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, மருத்துவர் அனுமதித்த கொஞ்சப் பருப்பைச் சோற்றில் பிசைந்து உன் மாமியார் ஊட்டினார். இரண்டாவது வாயில் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் அதன் வாயைத் துடைத்துவிட்டு ரசத்தை ஊற்றினார்.