எத்தனை வரிசை

சிகாகோ, அக்டோபர் 1969

என்னவனுக்கு,

வியட்நாமிலிருந்து நீ எழுதியது நேற்று கிடைத்தது. காலில் வந்த சேற்றுப்புண் ஆறிவிட்டதா?

நம் மகள் இப்போதெல்லாம் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போவதில்லை. நம் கறுப்பு ஜனங்களுக்காகப் போராடுகிற கருஞ்சிறுத்தைக் கட்சிப் பையன்கள் சர்ச்சில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் காலைச் சாப்பாடு போடுகிறார்கள். சோளக் கஞ்சி கிண்டுவது நான். கோபப்படாதே. உனக்கும் சேர்த்து உன் அக்கா வெர்னெல் கோபப்பட்டாயிற்று.

"துப்பாக்கி தூக்குற பசங்களோட உனக்கென்னடி வேலை?" என்றாள்.

"உங்க தம்பி கையில மட்டும் என்ன, கரண்டியா இருக்கு அண்ணி?"

"அது கவர்மென்ட் குடுத்ததுடி."

அதே வெர்னெல்தான் செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்களோடு தட்டு கழுவுகிறாள். அன்று காலை நாங்கள் சர்ச் கதவைத் திறந்தபோது ஜன்னல் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. எதிர்ச் சுவரில் மூன்று ஓட்டைகள். பிள்ளைகள் உட்கார்ந்தால் தலை வருமே, அந்த உயரத்தில். யார் சுட்டது என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை; ராத்திரி போலீஸ் கார் வந்து போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வெர்னெல் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரத் தொட்டியிடம் போனாள்.

பதுங்குகுழிக்கு மணல் மூட்டைகளைச் செங்கல் போல மாற்றி மாற்றி அடுக்குவோம் என்று முன்பு எழுதியிருந்தாய். இங்கே காலி மாவுச் சாக்குகள் நாற்பது இருக்கின்றன, மணலும் வந்துவிட்டது. தோட்டா உள்ளே வராமலிருக்க எத்தனை வரிசை கனம் வேண்டும் என்று மட்டும் எழுது.

உன் பதில் வரப் பத்து நாளாகும். அதுவரை ஜன்னலில் இரண்டு வரிசை வைக்கிறோம். வெளிச்சம் போய்விடுமாம், ஜன்னலை மூடக் கூடாது என்று உன் மகள் அடம்பிடிக்கிறாள். அவள் சாப்பிட உட்காருவது அந்த ஜன்னலுக்கு நேரேதான்.

பதிலை எதிர்பார்க்கும்,
உன் மனைவி