க்ளோன்ஸ் மைதானத்தில் நீ கத்தியது

கில்டெரின்,
ஜூன் 18, திங்கள்

தம்பி மாலக்கிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். இந்த முறை கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். தொண்டை மட்டும் கொஞ்சம் கட்டியிருக்கும்.

போனில் பேச முடியாது. போன் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, மேலே என் பிள்ளை ஃபெலிம் படுத்திருக்கிறான். நான் பேச நினைப்பதெல்லாம் அவன் காதில் விழக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நானும் க்ளோன்ஸுக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. அவன் கோலில் நிற்கும் ஆட்டத்தை நான் பார்ப்பதில்லை. ரேடியோவைப் போட்டுவிட்டுக் கோழிக்கூண்டுப் பக்கம் போய்விடுவேன். இந்தத் தடவை பக்கத்து வீட்டு ஜோசி விடவில்லை. “உல்ஸ்டர் மாகாண அரையிறுதி! பிள்ளை நம்ம கவுண்டி டீமுக்கு ஆடுற முதல் வருஷம். நீ கோழியோட கோழியா உக்காந்திருந்தா ஊர் என்னடி சொல்லும்?” என்று காரில் ஏற்றிவிட்டாள். டிக்கெட்டும் அவள் வாங்கியதுதான். உனக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தோம். மழைக்கோட்டின் தலைமூடியைப் போட்டிருந்தேன்.

கடைசி நிமிஷம் வரை நாம் ஒரு பாயிண்ட் முன்னால். அப்புறம் அந்தப் பந்து வந்தது. மழைக்குள்ளிருந்து செங்குத்தாக இறங்கியது. இரண்டு பேர் அவன் மேல் விழ, அவன் எழும்பிப் பிடித்தான். பிடித்ததை நான் பார்த்தேன். பிறகு அது கையில் இல்லை. பச்சைக் கொடி ஆடியது. கோல். ஒரே அடியில் அவர்களுக்கு மூன்று பாயிண்ட். அத்தோடு கவுண்டியின் உல்ஸ்டர் கோப்பைக் கனவு முடிந்தது.

அப்போதுதான் எனக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல்.

“ஏணியையே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாத பயடா இவன்! இவன் கையில போய் பந்தைக் குடுத்தீங்களே! சந்தேகமா இருந்தா இவன் அப்பனைக் கேளுங்க, கல்லறையில இருந்து சொல்லுவான்!”

சுற்றிலும் சிரித்தார்கள் மாலக்கி. நான் திரும்புவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. உன் தொட்டிலை ஆட்டியபடி கேட்ட குரல் எனக்குத் தெரியாதா?

என் பார்னி கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து இறந்த அன்று, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் ஃபெலிம். பதினைந்து வயசு. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. என் மகனின் தாய்மாமன் எடுத்தான். ஞானஸ்நானத்தன்று அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் எடுத்தான். அதுவும் முழு மைதானமும் கேட்க.

நான் எழுந்து உன்னிடம் வரவில்லை. வந்திருந்தால் ஜோசியின் தேநீர்க் குடுவையால் உன் மண்டையைப் பிளந்திருப்பேன்.

டிம்ப்னா

*

டிரம்லோன்,
ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கோபம்தான் வந்தது.

நீ அங்கே இருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் தலையை மூடிக்கொண்டு வேவுக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தது நீ. வாய் தவறியது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் பார்க்க வந்தவன் பூசைக்கு வந்தவன் மாதிரி கைகட்டியா இருப்பான்? நடுவரை வைது தீர்க்கிறோம், பயிற்சியாளரை வைகிறோம், நேற்றுவரை தோளில் தூக்கியவனையே வைகிறோம். மறுநாள் சந்தையில் பார்த்தால் கைகொடுத்துக் கன்றுக்குட்டி விலை பேசுகிறோம். இது இன்றைக்கு வந்த வழக்கமா?

என் பக்கத்தையும் கொஞ்சம் யோசி. இந்தக் கவுண்டியின் பின்னால் நான் எத்தனை வருஷமாக அலைகிறேன். உள்ளூர் லீக் ஆட்டத்துக்கு ஜனவரிச் சேற்றில் பத்துப் பேர் நின்றால் அதில் ஒருவன் நான். பால் கறப்பதை விட்டுவிட்டு, டைரோன் வரை போய்த் தோற்று, நனைந்த காலோடு திரும்பி வந்திருக்கிறேன். இந்த வருஷம் இறுதியாட்டத்துக்குப் போகிறோம் என்று நினைத்தேன். கைக்கு வந்தது. அவன் கையிலிருந்து போனது. அந்த நிமிஷம் அங்கே நின்றவன் என் மருமகன் இல்லை, கோல்கீப்பர்.

அவனுக்குக் கேட்டிருக்காது. அவ்வளவு இரைச்சல். திங்கட்கிழமை காலை பால் லாரியோடு என் கேட்டுக்கு வந்தான். “குட்மார்னிங் மாமா” என்றான். குழாயை மாட்டினான், பாலை எடுத்தான், போனான். முகத்தில் ஒன்றும் இல்லை. காயம் உனக்குத்தான் அக்கா, அவனுக்கு இல்லை. நீயாகக் கிளறாதே.

பார்னியின் சவப்பெட்டியை முன்வரிசையில் தூக்கியவன் நான். அதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

உன் தம்பி,
மாலக்கி

*

கில்டெரின்,
ஜூன் 30

மாலக்கிக்கு,

அவனுக்குக் கேட்டது.

குட்மார்னிங் சொன்னான் என்றால் அது அவன் வேலை. பால் லாரிக்காரன் பண்ணைக்காரனுக்குக் குட்மார்னிங் சொல்லாமல் போக முடியுமா? நீ அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாய்.

கவுண்டிப் பயிற்சிக்கு அவன் போகவில்லை. பயிற்சியாளர் வீட்டுக்கே வந்தார். இவன் வாசலிலேயே நின்று, “வேற ஆளைப் பாத்துக்குங்க சார்” என்று சொல்லி அனுப்பிவிட்டான். வியாழக்கிழமை பெட்ரோல் பங்கில் யாரோ இரண்டு பேர், கூரையில் சாத்தியிருந்த ஏணியைக் காட்டி, “ஃபெலிம், கொஞ்சம் பிடிக்கிறியா?” என்று கேட்டுச் சிரித்தார்களாம். ஜோசியின் கணவன் சொன்னான். உன் நகைச்சுவை நன்றாகப் பரவியிருக்கிறது. சந்தோஷமா?

நேற்று சாப்பிடும்போது உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே கேட்டான். “அம்மா, மாமா சொன்னது நெசமா? நான் சரியாப் பிடிக்கலையா? ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தாங்களா?”

ஏழு வருஷமாக அதை உள்ளே வைத்திருக்கிறான். நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தால் ஆறிவிடும் என்று நினைத்தேன்.

இப்போது நீயும் கேட்டுக்கொள். யாரிடம் என்ன கேள்விப்பட்டாயோ தெரியாது. மதுக்கடையில் கேட்டிருப்பாய். ஏணி அசையவில்லை மாலக்கி. பார்னி ஏணியை விட்டுக் கூரையில் ஏறி நடந்துவிட்டார். மக்கிப்போன தகடு அவர் காலடியில் உடைந்தது. உள்பக்கமாக விழுந்தார். சத்தம் கேட்டு நான் ஓடிவந்தபோது, இந்தப் பிள்ளை வெளியே ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடியே நின்றான். விடச் சொன்னேன், விடவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தெடுத்தேன்.

அந்தக் கையைத்தான் நீ சொன்னாய்.

டிம்ப்னா

*

டிரம்லோன்,
ஜூலை 3

அக்கா,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஏணி சறுக்கியது என்றுதான் இங்கே எல்லாரும் பேசினார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

அவன் லாரி இந்த வாரம் வரவில்லை. வேறு ஒருவன் வந்தான். கேட்டேன். தடத்தை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டானாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்கு வருகிறேன். அவனிடம் நேரில் பேசிவிடுகிறேன். நீ தேநீர் மட்டும் போடு.

மாலக்கி

*

கில்டெரின்,
ஜூலை 5

மாலக்கிக்கு,

வராதே.

தேநீர் போட வேண்டுமாம்! வெண்ணெய் தடவிய ரொட்டியும் வைக்கட்டுமா? என் அடுப்பங்கரையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து, “ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்டா” என்று முனகிவிட்டுப் போவாய். அவனும் “பரவாயில்ல மாமா” என்பான். அவன் அப்படித்தான். அதோடு உனக்குத் தூக்கம் வந்துவிடும். அவனுக்கு?

நீ மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் நடுவில் சொன்னாய். என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதைத் திரும்ப எடுக்க முடியாது. கத்தத் தெரிந்தவனுக்கு எங்கே கத்த வேண்டும் என்றும் தெரியும்.

கிளப் சாம்பியன்ஷிப்பில் காலிறுதிக்கு எங்கள் கில்டெரினும் உங்கள் டிரம்லோனும் மோதுகின்றன என்று கேள்விப்பட்டிருப்பாய். அவன் ஆடுகிறான். ஆசைப்பட்டு இல்லை. எங்கள் இன்னொரு கீப்பர் பாஸ்டனுக்குப் போய்விட்டான், வேறு ஆள் கிடையாது. “நம்ம கோயில் பங்குக்காரங்களைக் கைவிட முடியாதும்மா” என்றான். நீ உன் ஊர்க்காரர்களோடு போய் நின்று பார். நானும் வருவேன். இந்த முறை தலையை மூட மாட்டேன்.

டிம்ப்னா

*

டிரம்லோன்,
ஆகஸ்ட் 14

அக்கா,

நீ எதிர்ப்பக்கம் நின்றதைப் பார்த்தேன். ஆகவே பாதி உனக்குத் தெரியும். மீதியை எழுதுகிறேன். பெருமைக்காக இல்லை. வேறு யாரிடம் சொல்வேன்?

ஃபெலிம் கோலுக்கு ஓடிவந்தபோதே எங்கள் பக்கத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் ஒருவன். அப்புறம் பத்துப் பேர். அப்புறம் சின்னப் பிள்ளைகள்கூட. “ஏணி! ஏணி!” அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் “ஏணி!” கைதட்டித் தாளம் போட்டு. நான் முப்பது வருஷமாகத் தோளோடு தோள் நின்றவர்கள். என் வீட்டு வைக்கோலை ஏற்ற வந்தவர்கள்.

ஃபினிகன் சகோதரர்களிடம், “போதும், நிறுத்துங்கடா” என்றேன். மூத்தவன் என் முதுகில் தட்டிச் சிரித்தான். “என்ன மாலக்கி, இப்ப வந்து வெக்கப்படுற? பாட்டைக் கட்டினது நீ. நாங்க சும்மா பாடுறோம், அவ்வளவுதான்.”

அவன் சொன்னது சரி என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது.

இடைவேளை முடிந்ததும் அங்கே நிற்க முடியவில்லை. இறங்கி, எல்லைக்கோட்டைச் சுற்றி நடந்து, அவன் கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். என் ஊர்க்காரர்களைப் பார்த்து நின்றேன். மறுபடி “ஏணி” என்று ஆரம்பித்தபோது கத்தினேன். நீ கேட்டிருப்பாய். “நான் சொன்னது பொய்! கூரைதான் உடைஞ்சது! அவன் விடலை! கடைசி வரைக்கும் விடலைடா!” புல்லோடு ஒரு மண்கட்டி வந்து காதில் விழுந்தது. யார் எறிந்தது என்றும் பார்த்தேன். அவனுக்கும் நான்தான் ஞானத்தகப்பன்.

சத்தம் அடங்கவில்லை. கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஃபெலிம் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்று கிளப் செயலாளர் வந்தார். “இந்த வருஷம் மைதானத்துப் பக்கம் வராதே மாலக்கி, ஆட்டத்துக்கு நடுவுல எதிரி கோல்ல போய் நிக்கிறவனை எங்க ஆளுன்னு சொல்ல முடியாது” என்றார். பூசையில் என் வரிசையில் யாரும் உட்காரவில்லை. உட்காராமல் போகட்டும். இவர்களோடு நின்றுதான் நான் அத்தனை வருஷம் கத்தினேனா என்று நினைத்தால் எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது.

உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சொல்லத் தோன்றியது.

தம்பி,
மாலக்கி

*

கில்டெரின்,
ஆகஸ்ட் 22

மாலக்கிக்கு,

உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

நீ நடந்து வந்ததைப் பார்த்தேன். முதலில் அவனை இன்னும் அவமானப்படுத்தத்தான் வருகிறாய் என்று நினைத்து வேலியைத் தாண்டப் போனேன். ஜோசி என் கோட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அப்புறம் நீ சொன்னது கேட்டது. எங்கள் பக்கத்திலும் எல்லாருக்கும் கேட்டது. அது போதுமா என்று என்னைக் கேட்காதே. போதாது. முதலில் சொன்னதைக் கேட்டவர்கள் க்ளோன்ஸ் முழுக்க. இதைக் கேட்டது இரண்டு ஊர் ஜனம் மட்டும்தான். சொன்ன வார்த்தை உன்னைவிட வேகமாக ஓடும்.

ஆனால் உன் ஊர் முகத்தைப் பார்த்து நின்றாய். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தோற்றோம். உனக்குத் தெரியும். அந்த இரண்டாவது கோலை யாராலும் தடுத்திருக்க முடியாது என்று எங்கள் பங்குத்தந்தைகூடச் சொன்னார். அவருக்கு ஆட்டம் தெரியாது, இருந்தாலும் சொன்னார். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஃபெலிம் கவுண்டி ஜெர்சியைத் துவைத்து, காயவைத்து, மடித்து, மறுநாள் பயிற்சியாளர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். நான் தடுக்கவில்லை. கவுண்டிக்கு இனி ஆட மாட்டானாம். கில்டெரினுக்கு ஆடுவானாம். “இங்க தப்பு பண்ணினா திட்டுறவன் யாருன்னாவது தெரியும்” என்றான். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? உன்னால், உன்னைப் போன்ற கத்துகிறவர்களால், இந்தக் கவுண்டி ஒரு நல்ல கீப்பரை இழந்தது. அடுத்த வருஷம் தோற்கும்போது நினைத்துக்கொள்.

பழைய தடத்தைத் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கிறான். திங்கட்கிழமையிலிருந்து உன் கேட்டுக்குப் பால் எடுக்க வருவான். நான் சொல்லி இல்லை. அவனாகவே.

என்னைப் பொறுத்தவரை இன்னும் ஆறவில்லை. கிறிஸ்துமஸுக்கு அழைப்பேனா என்று இப்போது சொல்ல முடியாது. நீயாக வந்துவிடாதே.

உன்னிடம் என்ன சொல்லட்டும் என்று அவனைக் கேட்டேன். குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடியே சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்:

“வரட்டும்மா. மேட்ச் பாக்காம அவரால இருக்க முடியாது. எங்க வேணாலும் நிக்கட்டும், கோலுக்குப் பின்னாலகூட நிக்கட்டும். ஆனா கத்த வேணாம்னு சொல்லு. எனக்காகக்கூடக் கத்த வேணாம்.”

உன் அக்கா,
டிம்ப்னா